வெளிநாட்டில் இங்கிலீஷ் டீச்சர் வேலை: பேப்பர் ஏன் இழுக்கிறது? வடசென்னைப் பிள்ளைகள் கேட்ட கேள்விகளும் பதில்களும்

நான் பழைய வண்ணாரப்பேட்டையில் பிறந்து வளர்ந்தவள். தாய்லாந்தில் ஒரு பள்ளியில் மூன்று ஆண்டு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்துவிட்டு ஊர் திரும்பினேன். அதற்குப் பிறகு அநேகமாக எல்லா ஞாயிற்றுக்கிழமையும் யாராவது ஒரு பிளாஸ்டிக் ஃபைலைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். காசிமேடு, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி, திருவொற்றியூர், எர்ணாவூர் என்று எல்லாப் பக்கத்துப் பிள்ளைகளும் வருகிறார்கள். இன்டர்வியூவில் தேறிவிடுகிறார்கள். பேப்பரில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். ஒரே பதிலை ஒவ்வொருவருக்கும் திரும்பத் திரும்பச் சொல்வதற்குப் பதிலாக இங்கே எழுதி வைக்கிறேன்.

மிஸ், மொத்தமா எவ்ளோ நாள் ஆகும்?

பாஸ்போர்ட்டும் ஒரிஜினல் டிகிரியும் கையில் இருந்தால்கூட ஆறு மாதம் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டில் ஒன்று இல்லையென்றால் எட்டு, பத்து மாதம்.

எந்த ஆபீஸிலும் உங்கள் பேப்பர் ஆறு மாதம் கிடப்பதில்லை. ஒரு முத்திரை விழுந்தால்தான் அடுத்த முத்திரைக்குப் போக முடியும், தாமதம் அங்கேதான் வருகிறது. பல்கலைக்கழகம் டிகிரி கொடுத்தால்தான் கோட்டையில், அதாவது தலைமைச் செயலகத்தில், சான்றொப்பம் (அட்டஸ்டேஷன்). கோட்டையில் முடிந்தால்தான் வெளியுறவு அமைச்சகம். சில நாடுகளுக்கு அதற்குப் பிறகு தூதரகம். நடுவில் ஒரு எழுத்துப் பிழை வந்தால் மறுபடி முதல் படி.

பள்ளி திறக்கும் மாதத்திலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். ஜப்பானில் ஏப்ரலில் கல்வியாண்டு தொடங்கும். தாய்லாந்தில் மே மாதம் நடுவில், இரண்டாம் பருவம் நவம்பரில். வியட்நாமில் செப்டம்பர் முதல் வாரம். வளைகுடாவில் நம் பாடத்திட்டப் பள்ளிகள் ஏப்ரலில் திறக்கும், மற்றவை ஆகஸ்ட் கடைசி வாக்கில் திறக்கும். செப்டம்பர் வேலைக்கு ஜூன் மாதம் ஃபைலைப் பிரித்தால் நேரம் போதாது.

முதல்ல எந்தப் பேப்பரைப் பார்க்கணும்?

பேப்பரைப் பார்க்குமுன் பெயரைப் பாருங்கள். பத்தாவது மார்க் ஷீட், பன்னிரண்டாவது மார்க் ஷீட், டிகிரி, ஆதார், பாஸ்போர்ட் ஐந்தையும் தரையில் வரிசையாக வையுங்கள். உங்கள் பெயரை ஒவ்வொன்றிலும் எழுத்தெழுத்தாக விரல் வைத்துப் படியுங்கள். என் வீட்டுக்கு வருகிறவர்களை முதலில் இதைத்தான் செய்யச் சொல்கிறேன். பத்துப் பேரில் ஏழெட்டுப் பேருக்கு ஏதாவது ஒரு இடத்தில் விரல் நின்றுவிடும்.

நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. இனிஷியல்தான். மார்க் ஷீட்டில் 'கே. தீபா' என்று இருக்கும். டிகிரியில் 'தீபா கே'. ஆதாரில் 'தீபா கண்ணன்'. பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலியாக, பெயர்க் கட்டத்தில் வெறும் 'தீபா'. அது போதாதென்று ஓரிடத்தில் 'டி'க்குப் பக்கத்தில் ஒரு 'எச்' கூடியிருக்கும். நம் தெருவில் யாருக்கும் இதில் குழப்பம் வராது. ஹனோயிலோ மஸ்கட்டிலோ உட்கார்ந்திருக்கும் பள்ளி அலுவலருக்கு இது நான்கு வெவ்வேறு பெண்கள்.

பாஸ்போர்ட்டைத்தான் அடிப்படையாக வைக்க வேண்டும். விசா அந்தப் பெயரில்தான் வரும். இனிஷியலை விரித்து, சர்நேம் கட்டத்தில் அப்பா பெயரோ கணவர் பெயரோ வரும்படி பாஸ்போர்ட்டை முதலிலேயே ரீஇஷ்யூ செய்துகொள்ளுங்கள். சாதாரண 36 பக்கப் பாஸ்போர்ட்டுக்குக் கட்டணம் 1,500 ரூபாய். ஒற்றைப் பெயர் விஷயம் விளையாட்டில்லை. 2022 நவம்பர் 21 முதல் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் மட்டும் உள்ளவர்களை விசிட் விசாவில் அனுமதிப்பதில்லை என்று விமான நிறுவனங்களே அறிவித்தன. இரண்டாம் பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் ஏற்கலாம் என்று பிறகு விளக்கம் வந்தது. இருந்தாலும் அந்த விளக்கத்தை நம்பி விமான நிலையம் வரை போகாதீர்கள்.

இனிஷியல் முன்னே பின்னே இருப்பதற்கு, "இரண்டு பெயரும் ஒருவரே" என்று நோட்டரியிடம் போடும் அஃபிடவிட் பெரும்பாலும் போதும். எழுத்தே மாறியிருந்தால், அல்லது கல்யாணத்துக்குப் பிறகு பெயர் மாறியிருந்தால், அரசிதழில் பெயர் மாற்றம் போடுங்கள். அண்ணா சாலையில் உள்ள எழுதுபொருள் மற்றும் அச்சுத் துறையில் விண்ணப்பிக்க வேண்டும். வாரக்கணக்கில் ஆகும். அதனால்தான் இதை முதலிலேயே முடிக்கச் சொல்கிறேன்.

சர்டிபிகேட் எல்லாம் லேமினேட் பண்ணியிருக்கு. பரவாயில்லையா?

பரவாயில்லை என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் இதில் நான் பட்டதைச் சொல்லியாக வேண்டும்.

என் அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். என் பத்தாவது மார்க் ஷீட் கைக்கு வந்த அன்று சாயங்காலமே எம்.சி. ரோட்டில் ஒரு கடைக்கு எடுத்துப்போய் லேமினேட் பண்ணிக்கொண்டு வந்தார். மழை வந்தால் எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வரும். அவருக்குத் தெரிந்த பாதுகாப்பு அதுதான். இன்னும் சூடு ஆறாத அந்தப் பிளாஸ்டிக்கைக் கொடுத்து, "இனிமே இதுக்கு ஒண்ணும் ஆவாது" என்றார்.

பத்து ஆண்டு கழித்து, எனக்கு வேலை கொடுத்த பள்ளி பத்தாவது, பன்னிரண்டாவது, டிகிரி மூன்றையும் சான்றொப்பத்தோடு கேட்டது. முத்திரையும் ஸ்டிக்கரும் சான்றிதழின் பின்புறம் காகிதத்தின் மேல் விழ வேண்டும். பிளாஸ்டிக் மேல் போட மாட்டார்கள். மின்ட் தெருப் பக்கம் ஒரு கடைக்காரர் பிரித்துத் தருகிறேன் என்றார். மூலையில் மெல்லிய பிளேடை நுழைத்து அங்குலம் அங்குலமாகத் தூக்கினார். மார்க்குகள் எல்லாம் தப்பின. கீழே தலைமையாசிரியர் பச்சை மையில் போட்டிருந்த கையெழுத்து வந்தபோது காகிதத்தின் மேல்தோல் பிளாஸ்டிக்கோடு போய்விட்டது. பாதிக் கையெழுத்து என் கையில், பாதி அவர் கையில் இருந்த பிளாஸ்டிக்கில்.

டூப்ளிகேட்டுக்கு, படித்த பள்ளி வழியாக அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்கு விண்ணப்பித்தேன். கல்லூரிச் சாலையில், இப்போது பேராசிரியர் அன்பழகன் கல்வி வளாகம் என்று அழைக்கப்படும் பழைய டி.பி.ஐ. வளாகத்தில் இருக்கிறது. டூப்ளிகேட் வந்து சேர்வதற்குள் மே மாதப் பருவம் போயிற்று. நவம்பரில்தான் விமானம் ஏறினேன். அப்பாவிடம் காரணத்தைச் சொல்லவே இல்லை.

அதனால் லேமினேட் ஆகியிருந்தால் நீங்களாகப் பிரிக்காதீர்கள். இஸ்திரிப் பெட்டி வைத்துச் சூடுகாட்டவும் வேண்டாம். அந்தந்தச் சான்றிதழுக்கு டூப்ளிகேட் விண்ணப்பத்தை இன்றைக்கே போடுங்கள். இனி கிடைக்கும் எதையும் லேமினேட் செய்யாமல், இழுத்து எடுக்கக்கூடிய பிளாஸ்டிக் உறையில் வையுங்கள். வீட்டில் தம்பி தங்கை இருந்தால் அவர்கள் மார்க் ஷீட்டையும் இன்றைக்கே பாருங்கள்.

தற்காலிகமா குடுக்கற புரவிஷனல் சர்டிபிகேட் மட்டும்தான் இருக்கு. கான்வகேஷன் இன்னும் நடக்கல. அப்ளை பண்ணலாமா?

பள்ளிக்கு விண்ணப்பிக்கலாம், இன்டர்வியூவும் போகலாம். ஆனால் ஒர்க் பெர்மிட் போடுமிடத்தில் பட்டச் சான்றிதழையே கேட்பார்கள். பட்டமளிப்பு விழா தள்ளிப்போனால் காத்திருக்காமல், விழாவுக்கு முன்பே பட்டத்தைப் பெற வழி உண்டா என்று பல்கலைக்கழகத் தேர்வுப் பிரிவில் நேரில் கேளுங்கள். வேலை ஆணையைப் பிரின்ட் எடுத்து மனுவோடு இணையுங்கள். வெறும் கையோடு போனால் "அப்புறம் வாங்க"தான். எல்லா செமஸ்டர் மார்க்கும் சேர்ந்த கன்சாலிடேட்டட் மார்க் ஷீட்டையும் கையோடு வாங்கிவிடுங்கள். சில நாடுகளில் டிகிரி உண்மையானதுதானா என்று பல்கலைக்கழகத்துக்கே எழுதிக் கேட்பார்கள். அந்த ஜெனுயின்னஸ் கடிதத்துக்கும் தனியே நாள் ஆகும்.

அட்டஸ்டேஷன், அப்போஸ்டில், எம்பசி... மூணும் ஒண்ணா?

மூன்றும் வேறு வேறு. பலருக்குப் பணம் வீணாவது இந்தக் குழப்பத்தில்தான்.

அப்போஸ்டில் என்பது, பேப்பர் உண்மையானது என்று வெளிநாட்டுக்குக் காட்ட, 1961ஆம் ஆண்டின் ஹேக் ஒப்பந்தப்படி ஒட்டப்படும் ஸ்டிக்கர். இந்தியா 2005இல் அந்த ஒப்பந்தத்தில் சேர்ந்தது. இரு நாடுகளுக்கும் இடையே ஒப்பந்தம் நடைமுறையில் இருந்தால் அந்த ஒரு ஸ்டிக்கர் போதும், தூதரகத்துக்குப் போக வேண்டாம். ஜப்பான், தென்கொரியா, ஓமன், பஹ்ரைன் ஆகியவற்றுக்கு அது போதும். சவுதி அரேபியாவுக்கு 2022 டிசம்பரிலிருந்து போதும். அமீரகம், கத்தார், குவைத் போன்றவற்றுக்கு வெளியுறவு அமைச்சகச் சான்றொப்பத்துக்குப் பிறகு அந்த நாட்டுத் தூதரக முத்திரையும் வேண்டும்.

இரண்டுக்கும் முதல் படி ஒன்றே. பட்டச் சான்றிதழுக்கு மாநில அரசின் சான்றொப்பம். நமக்கு அது கோட்டையில், தலைமைச் செயலகத்தில். பிறகு வெளியுறவு அமைச்சகம். முன்பு டெல்லிக்கு அனுப்ப வேண்டியிருந்தது. 2019 ஜனவரியிலிருந்து சென்னையிலும் செய்கிறார்கள். நேரடியாக நம்மிடம் வாங்க மாட்டார்கள், அமைச்சகம் அங்கீகரித்த முகவர் நிறுவனங்கள் வழியாகத்தான் கொடுக்க வேண்டும். அப்போஸ்டிலுக்கு அரசுக் கட்டணம் ஒரு பேப்பருக்கு 50 ரூபாய், அதோடு முகவரின் சிறு சேவைக் கட்டணம். இதைத் தெரிந்துகொண்டு போங்கள். போன வருஷம் எர்ணாவூரிலிருந்து வந்த ஒரு பெண் ஒரே ஒரு டிகிரிக்கு 14,000 ரூபாய் கொடுத்திருந்தாள். அவள் அம்மா மீன் விற்றுச் சேர்த்த பணம். மாநிலச் சான்றொப்பம், கூரியர், தூதரகக் கட்டணம் என்று சேர்ந்தால் தொகை கூடும்தான். எது எதற்கு எவ்வளவு என்று எழுதி வாங்காமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

பி.எட். முடித்து வளைகுடாப் பள்ளிக்குப் போகிறவர்கள் டிகிரி, பி.எட். இரண்டையும் ஒரே நேரத்தில் கொடுங்கள். ஒன்றை மட்டும் முடித்துவிட்டு இன்னொன்றுக்கு மறுபடி கோட்டை ஏறுகிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

சைனாவுக்கு இப்ப அப்போஸ்டில் போதும்னு படிச்சேனே?

சீனா 2023 நவம்பர் 7 முதல் அந்த ஒப்பந்தத்தில் இருப்பது உண்மை. ஆனால் சீனா சேர்வதற்கு இந்தியா ஆட்சேபம் தெரிவித்ததால் இந்த இரண்டு நாடுகளுக்கும் இடையே அது செல்லாது. நம் பேப்பருக்குப் பழையபடி தூதரகச் சான்றொப்பம்தான். அதைவிட முக்கியமானது, ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட நாட்டுப் பாஸ்போர்ட் உள்ளவர்களுக்கே சீனாவில் பெரும்பாலும் ஆங்கில ஆசிரியர் ஒர்க் பெர்மிட் கிடைக்கிறது. "பேப்பர் நாங்க பாத்துக்கறோம்" என்று யாராவது சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.

கொரியா?

அங்கே மொழி ஆசிரியருக்கான ஈ-2 விசா அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா என்ற ஏழு நாட்டவர்க்கானது. 2010இல் நடைமுறைக்கு வந்த இந்திய-கொரிய ஒப்பந்தத்தின் வழியாக, ஆங்கிலப் பட்டமும் ஆசிரியர் தகுதியும் உள்ள இந்தியர்களுக்குப் பள்ளிகளில் உதவி ஆசிரியர் என்று ஒரு சின்னக் கதவு உண்டு. வெறும் டிகிரியோடு அலையாதீர்கள்.

போலீஸ் சர்டிபிகேட் எங்க வாங்கணும்? ஸ்டேஷன்லயா?

ஸ்டேஷனில் இல்லை. வெளிநாட்டுக்கு வேண்டியது பாஸ்போர்ட் அலுவலகம் தரும் பி.சி.சி. (போலீஸ் கிளியரன்ஸ் சர்டிபிகேட்). பாஸ்போர்ட் சேவா தளத்தில் விண்ணப்பித்து, 500 ரூபாய் கட்டி, அமைந்தகரை, சாலிகிராமம், தாம்பரம் மூன்றில் ஒரு மையத்தில் நேரம் வாங்க வேண்டும். நமக்கு அமைந்தகரை பக்கம். 2022 செப்டம்பர் கடைசியிலிருந்து அஞ்சலக பாஸ்போர்ட் மையங்களிலும் விண்ணப்பிக்கலாம். தமிழ்நாடு காவல்துறை இணையத்தில் தரும் சரிபார்ப்புச் சான்று உள்ளூர் வேலைக்கு வாங்குவது. பெயர் ஒரேமாதிரி இருப்பதால் அதை வாங்கி அனுப்பிவிட்டு ஒரு மாதம் காத்திருந்தவர்கள் உண்டு.

இழுப்பது முகவரியில்தான். பாஸ்போர்ட்டில் பழைய வாடகை வீடு, இருப்பது வேறு வீடு. அல்லது ஆற்றோரத்திலிருந்து பெரும்பாக்கம் அரசுக் குடியிருப்புக்கு மாற்றப்பட்ட குடும்பம், பாஸ்போர்ட்டில் மட்டும் இன்னும் பழைய தெரு. அப்போது போலீஸ் விசாரணை வரும். வரும் நாளில் வீட்டில் ஆள் இல்லையென்றால் ரிப்போர்ட் நிற்கும். வீட்டு ஓனரிடமும் எதிர்வீட்டு அக்காவிடமும் முன்கூட்டிச் சொல்லி வையுங்கள். எண்ணூர், மணலிப் பக்கம் இருப்பவர்கள் விண்ணப்பத்தில் ஸ்டேஷனைத் தேர்ந்தெடுக்கும்போது கவனியுங்கள். 2022இல் ஆவடி தனி ஆணையரகமாகப் பிரிந்தபோது அந்தப் பகுதிகள் அதில் சேர்ந்துவிட்டன.

இதை மட்டும் சீக்கிரம் வாங்கிவிடாதீர்கள். பல நாடுகளில் பி.சி.சி. ஆறு மாதத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும். மெடிக்கலுக்கும் கெடு உண்டு. டிகிரிச் சான்றொப்பம் முடியும் தறுவாயில் இவை இரண்டையும் தொடங்கினால் எல்லாம் ஒன்றாகக் கைக்கு வரும். பி.சி.சி.க்கும் அப்போஸ்டிலோ தூதரக முத்திரையோ வேண்டும் என்பதைக் கணக்கில் சேருங்கள்.

பத்தொன்பது வயசுல எம்மேல ஒரு கேஸ் போட்டாங்க. முடிஞ்சு போச்சு. சொல்லணுமா?

இதைக் கேட்கிற பையன்கள் எல்லோரும் குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் கேட்கிறார்கள். தெருச் சண்டையில் கூட்டத்தோடு சேர்த்துப் பிடித்துப்போன கேஸ் நம் பக்கத்தில் எத்தனை வீட்டில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். வெட்கப்பட ஒன்றுமில்லை, தம்பி. ஆனால் மறைக்காதே. விசாரணையில் எப்படியும் தெரியும். மறைத்ததுதான் அப்போது பெரிய குற்றமாகிவிடும்.

விடுதலையானதற்கோ வழக்கு ரத்தானதற்கோ நீதிமன்ற உத்தரவின் சான்றிட்ட நகல் வேண்டும். அதை வாங்கக் காப்பி அப்ளிகேஷன் போட வேண்டும், அதற்கே வாரங்கள் ஆகும். வக்கீலுக்குப் பணமில்லையென்றால் உயர் நீதிமன்ற வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. இலவச உதவி எண் 15100. வழக்கு இன்னும் நிலுவையில் இருந்தால் முதலில் வக்கீலைப் பார்த்துவிட்டு அப்புறம் பள்ளிக்கு விண்ணப்பம் போடு.

நான் தமிழ் மீடியம். எடுப்பாங்களா?

எடுப்பார்கள். நானும் பத்தாவது வரை தமிழ் மீடியம்தான். ஆனால் நாட்டைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். ஜப்பானில் இன்ஸ்ட்ரக்டர் விசாவில் மொழி கற்பிக்க, அந்த மொழியிலேயே 12 ஆண்டு படித்திருக்க வேண்டும். இங்கிலீஷ் மீடியத்தில் படித்தவர்கள் பள்ளி, கல்லூரி இரண்டிலும் பயிற்றுமொழிச் சான்று கேட்டு வாங்குங்கள். மூடிப்போன பள்ளியாக இருந்தால் அதன் பதிவேடுகள் எங்கே இருக்கின்றன என்று கல்வி அலுவலகத்தில் தேட வேண்டிவரும், அதற்கும் நாள் ஒதுக்குங்கள். தாய்லாந்து, வியட்நாமில் நம்மைப் போன்றவர்களிடம் ஆங்கிலத் தேர்வு மதிப்பெண்ணும் டெஃபல் எனும் 120 மணி நேர ஆங்கிலம் கற்பிக்கும் பயிற்சிச் சான்றும் கேட்கிறார்கள். ஐ.இ.எல்.டி.எஸ். என்ற ஆங்கிலத் தேர்வின் மதிப்பெண் இரண்டு ஆண்டுதான் செல்லும். எழுதிவிட்டுச் சும்மா வைத்திருக்காதீர்கள்.

ஏஜென்ட், "டூரிஸ்ட் விசாவுல போங்க, அங்க போய் மாத்திக்கலாம்"னு சொல்றார். பேப்பர் லேட் ஆகுதே, போகலாமா?

போகாதீர்கள். தாமதம் ஒரு பருவத்தைத்தான் தின்னும். இது ஆளையே தின்றுவிடும். தாய்லாந்தில் வேலை என்று கூட்டிப்போய் மியான்மர் எல்லைக்குள் கடத்தி, மோசடிக் கும்பல்களிடம் விட்ட சம்பவங்களால் 2022 செப்டம்பரில் வெளியுறவு அமைச்சகமே எச்சரிக்கை விட்டது. அதில் மாட்டிக்கொண்டவர்களில் தமிழ்ப் பிள்ளைகளும் உண்டு. தாய்லாந்தில் ஆசிரியர் வேலைக்கு நான்-இமிக்ரன்ட் பி விசா என்று தனியே இருக்கிறது. ஒழுங்கான பள்ளி அதற்கான கடிதங்களை அனுப்பும். அனுப்பாத பள்ளிக்குப் போக வேண்டியதில்லை.

வெளிநாட்டுக்கு ஆள் எடுக்கும் ஏஜென்ட் 1983ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டப்படி உரிமம் வைத்திருக்க வேண்டும். வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைகிரேட் தளத்தில் உரிம எண்ணைப் போட்டுப் பாருங்கள். அவர் உங்களிடம் வாங்கக்கூடிய உச்சத் தொகை 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான். தமிழக அரசுக்கே அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் ஒன்று கிண்டியில் இருக்கிறது, அங்கே போய்ப் பதிந்து வையுங்கள். ஒரிஜினல் சான்றிதழையும் பாஸ்போர்ட்டையும் ரசீது இல்லாமல் யாரிடமும் விடாதீர்கள்.

மிக்ஜாம் வெள்ளத்துல எல்லாம் போச்சு மிஸ்.

2023 டிசம்பரில் எத்தனை வீட்டில் பீரோவின் கீழ்த்தட்டு முழுகியது என்று எண்ணி மாளாது. முதலில் காவல்துறை இணையத்தில் ஆவணம் தொலைந்ததற்கான பதிவு. அதைக் காட்டித்தான் மற்ற டூப்ளிகேட்டுகள். பள்ளி மார்க் ஷீட்டுக்கு முன்னே சொன்ன அரசுத் தேர்வுகள் இயக்ககம், டிகிரிக்குப் பல்கலைக்கழகம். நனைந்து ஒட்டிப்போன சான்றிதழ் இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். அதில் உள்ள சான்றிதழ் எண் தெரிந்தாலே பாதி வேலை முடிந்தது.

இருக்கிற வேலையை எப்ப விடலாம்?

விசா கைக்கு வந்த பிறகு. ஆஃபர் லெட்டரைப் பார்த்து விடாதீர்கள். ட்யூஷன் எடுக்கிறவர்கள் அதையும் நிறுத்தாதீர்கள்.

லேட் ஆகுதுன்னு ஸ்கூலுக்கு எப்படிச் சொல்றது? வேலை போயிடுமோன்னு பயமா இருக்கு.

பயந்து பேசாமல் இருந்தால்தான் வேலை போகும். வாரம் ஒரு நாள் வைத்துக்கொண்டு நான்கு வரி எழுதுங்கள்: எந்தப் பேப்பர் முடிந்தது, எது எந்த அலுவலகத்தில் என்றைக்குக் கொடுக்கப்பட்டது, ரசீதின் படம், அடுத்து எது. மன்னிப்பும் குடும்பக் கஷ்டமும் வேண்டாம். தேதி சொல்ல முடியாத இடத்தில் தேதி சொல்லாதீர்கள். காசிமேட்டுப் பெண் ஒருத்தி இப்படிப் பதினொரு வெள்ளிக்கிழமை எழுதினாள். டிகிரி தூதரகத்தில் இருந்தபோது பருவமே தொடங்கிவிட்டது. பள்ளி அவளுக்காக அடுத்த பருவம் வரை இடத்தை வைத்திருந்தது. அந்த மெயில்களைக் காட்டித்தான் நிர்வாகத்திடம் பேச முடிந்தது என்று அங்கிருந்த ஒருங்கிணைப்பாளர் பிறகு அவளிடம் சொல்லியிருக்கிறார்.

கிளம்புற அன்னிக்கு ஏதாவது கவனிக்கணுமா?

ஒரிஜினல்கள் கையில் எடுத்துப்போகும் பையில் இருக்கட்டும், பெரிய பெட்டியில் போடாதீர்கள். எல்லாவற்றையும் முன்பக்கம் பின்பக்கம் இரண்டையும் ஸ்கேன் செய்து அம்மாவின் போனிலும் ஒரு காப்பி வையுங்கள். முத்திரை பின்பக்கத்தில்தான் இருக்கிறது.